வாடகை கொடுத்தது யார்?

இணையம் பெண்களுக்குப் புதிய வெளியைத் திறந்துவிட்டது என்று கொண்டாடுபவர்களிடம் நான் கேட்கிறேன்: அந்த வெளிக்கு வாடகை கொடுத்தது யார்?

அமெரிக்கப் பெண்ணிய இதழான 'மிஸ்' 1990இல் விளம்பரங்களைக் கைவிட்டு, வாசகியரின் பணத்தில் நடக்கத் தொடங்கியது. உணவு நிறுவனங்கள் சமையல் குறிப்பையும், அழகுசாதன நிறுவனங்கள் அழகுக் குறிப்பையும் எதிர்பார்த்தே விளம்பரம் தருகின்றன என்று குளோரியா ஸ்டைனெம் அப்போதே அம்பலப்படுத்தினார்.

அந்தப் பாடத்தை இணையம் படிக்கவில்லை. 1994 அக்டோபரில் 'ஹாட்வயர்ட்' பேனர் விளம்பரங்களோடு வந்தது. 1995இல் தொடங்கி, பெண்களுக்கான தளமாக வளர்ந்த 'ஐவில்லேஜ்' தளமும் விளம்பரதாரர் பணத்தையே நம்பி நின்றது. இம்முறை எந்தப் பக்கத்தில் எத்தனை சொடுக்கு என்று எண்ணவும் முடிந்தது. எடைக் குறைப்புக்கு விளம்பரம் தரப் பலர் உண்டு. கூலிப் பாகுபாடு பற்றிய கட்டுரைக்கு யார் தருவார்?

"வாசகிகள் விரும்புவதைத்தானே கொடுக்கிறோம்" என்பார்கள். உன் உடம்பில் குறை இருக்கிறது என்று பயமுறுத்திவிட்டு, அதற்கு மருந்து விற்பதன் பெயர் வியாபாரம். அதை நம் விருப்பம் என்று நம் தலையில் கட்ட வேண்டாம்.

தோழியரே, சந்தா கட்டுவோம். யார் காசில் ஓர் இதழ் நடக்கிறதோ, அவர்களுக்குத்தான் அது பதில் சொல்லும்.