படத்தில் இருப்பவர் யார்?

நமது பேரவையின் செயலவை ஆண்டுதோறும் மாறுகிறது. கணக்குப் புத்தகமும் முத்திரையும் முறையாகக் கைமாறுகின்றன. புகைப்படங்கள் மட்டும் யாரோ ஒருவரின் மடிக்கணினியிலேயே தங்கிவிடுகின்றன. அவர் பட்டம் பெற்று வேலைக்குப் போய்விட்டால், மலருக்குப் படம் தேடும் ஆசிரியர் குழுவின் பாடு திண்டாட்டம்தான். கெஞ்சிக் கேட்டால் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். ஏ4 பக்கம் முழுவதையும் நிரப்பும் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட 2480-க்கு 3508 படப்புள்ளிகள் வேண்டும். சுருங்கிய படத்துக்கு ஏது அவ்வளவு?

தரம்கூடப் போகட்டும். பெயர் போய்விடுகிறதே, அதுதான் என் கவலை. பாட்டி வீட்டுப் பழைய படங்களைத் திருப்பிப் பாருங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பின்புறம் பேனாவால் எழுதியிருக்கும். நமது பொங்கல் விழாப் படங்களுக்கோ கேமரா கொடுத்த எண்ணைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

இன்றும் படத்தின் 'பின்புறத்தில்' எழுதலாம். தலைப்பு, விளக்கம், குறிச்சொற்கள் ஆகியவற்றைப் படக் கோப்புக்குள்ளேயே, தமிழிலேயே பதியலாம். நம் படப்பிடிப்பாளர்களில் பலர் விரும்பும் லைட்ரூம் கிளாசிக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. அது மூலப் படத்தைத் தொடுவதில்லை. நாம் செய்யும் திருத்தங்களையும் எழுதும் பெயர்களையும் 'கேட்டலாக்' என்னும் தனிக் கோப்பில் வைத்துக்கொள்கிறது. மூலம் பத்திரமாக இருப்பது நல்லதுதான். ஆனால் படங்களை மட்டும் வன்தட்டில் நகலெடுத்துக் கொடுத்தால், உட்கார்ந்து எழுதிய பெயர்கள் எல்லாம் கொடுத்தவர் வீட்டிலேயே நின்றுவிடும். விவரங்களைக் கோப்பில் சேமிக்கும் கட்டளையை ஒருமுறை கொடுத்தால் அவை ஜேபெக் படத்துக்குள்ளேயே போய்விடும். ரா படமாயின் பக்கத்தில் ஒரு சிறு கோப்பாக நிற்கும். ஏற்றுமதி செய்யும்போதும் எல்லா விவரங்களையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். பதிப்புரிமை மட்டும் போதும் என்று விட்டால் விளக்கம் உதிர்ந்துவிடும்.

மென்பொருளை நம்பிப் பயனில்லை. ஆப்பிளின் அபெர்ச்சர் 2015-இல் விற்பனையிலிருந்து போனது. நம்மில் பலர் பழகிய பிக்காசாவை 2016-இல் கூகுள் கைவிட்டது. கோப்புக்குள் எழுதிய பெயரை வேறு மென்பொருளும் படிக்கும். பணம் இல்லை என்பதும் சாக்காகாது. டிஜிகேம், டார்க்டேபிள் இரண்டும் இலவசம்.

திருத்துவதைப் பற்றி ஒரு சொல். மண்டபத்தின் மங்கலான விளக்குக்கு ஈடாகப் படத்தில் வெளிச்சத்தைக் கூட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? மேடையில் நாடகம் போட்ட கறுத்த பிள்ளையை மாவு பூசியதுபோல் வெளுக்க வைப்பதுதான் சகிக்கவில்லை. அவள் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது!

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயரிட்ட ஓர் அடைவு. முகங்கள் மறப்பதற்குள், ஒரு வாரத்தில், இருவர் உட்கார்ந்து பெயர் எழுதுவது. பொறுப்பு மாறும் நாளில் இரண்டு வன்தட்டுகளில் நகல். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டு வரலாம். முன்னாள் மாணவர்களே, அன்று உங்கள் பழைய வன்தட்டுகளையும் எடுத்து வாருங்கள். அந்தப் படங்களில் இருப்பவர்கள் யார் என்று எங்களுக்குச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.