ஆறாம் வகுப்பிலேயே பார்த்திருக்கலாம்

காலை நடை முடிந்து கீழக்கடையம் ரயில் நிலைய பெஞ்சில் நாங்கள் நாலு பேர் உட்காருவது வழக்கம். அன்று மின்வாரிய வழக்கு பற்றிப் பேச்சு வந்தது. நண்பர் ஒருவர், "கலர் தெரியாதவனுக்கு எதுக்குவே கரண்டு வேலை?" என்று ஒரே போடாகப் போட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஆறாம் வகுப்பு எடுத்தபோது ஒரு பையன் கோவைக்கொடி படம் வரைந்து, இலைக்கெல்லாம் பழுப்பு அடித்து வந்தான். "கண்ணு அவிஞ்சா போச்சுலே?" என்று கேட்டுப் பிரம்பால் இரண்டு வைத்தேன். அப்புறம் சரியாகவே அடித்தான். திருந்திவிட்டான் என்று எனக்குப் பெருமை. கலர் குச்சியின் மேல் சுற்றிய தாளில் நிறத்தின் பெயரைப் படித்துத்தான் அடித்திருக்கிறான்!

ஐ.டி.ஐ. முடித்தான். ரயில் எஞ்சின் உதவி ஓட்டுநர் தேர்விலும் தேறினான். அவன் அம்மா வீடு தேடி வந்து லட்டு கொடுத்தாள். மருத்துவப் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தை நீட்டினார்கள். எண் தெரியவில்லை. வேலை போயிற்று. திரும்பி வந்தவன், "அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாமே சார்" என்றான். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ரயில்வே செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. 1875இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. நிறம் பிரித்தறியாத குறை காரணமாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரென் என்ற உடலியல் பேராசிரியர் சந்தேகித்து, ரயில் ஊழியர்களைக் கம்பளி நூல்களை நிறம் பார்த்துப் பிரிக்க வைத்துச் சோதித்தார். சிவப்பு விளக்கைச் சந்தேகமில்லாமல் அறிகிறவர்தான் ரயில் ஓட்ட வேண்டும். ஆனால் அதே ரயில்வேயில் நிறப் பார்வை கேட்காத வேலைகளும் இருக்கின்றனவே! முன்பே தெரிந்திருந்தால் அவன் அதற்குப் படித்திருப்பான்.

"கலர் தெரியாதவன்" என்ற பேச்சே தப்பு. நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. ஒரு வகை இல்லாமலோ மாறுபட்டோ இருந்தால், பெரும்பாலும் சிவப்பும் பச்சையும் குழம்பும். மஞ்சளும் நீலமும் நன்றாகவே தெரியும். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் வழியாக மகனுக்கு வரும். ஐரோப்பிய ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இருக்கிறது. அணுக்கொள்கை சொன்ன டால்டனே தன் நிறக்குறையைப் பற்றி 1794இல் கட்டுரை வாசித்தவர்தான். அவரைக் குருடர் என்போமா?

நண்பர் கேலி செய்த வழக்குக்கு வருகிறேன். நம் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வான ஒருவருக்கு, இந்தக் குறையைக் காட்டி வேலை மறுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 2023 அக்டோபரில் அவருக்கு வேலை கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பொறியாளர் வேலை என்றால் கம்பத்தில் ஏறி ஒயர் பிடிப்பது மட்டுமா? அவரால் செய்யக்கூடிய பொறுப்புகள் அங்கே இல்லையா? லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்கள் வண்டி ஓட்ட உரிமம் பெறலாம் என்று 2020இல் மத்திய அரசே விதியைத் திருத்திவிட்டது. திண்ணைப் பேச்சுதான் இன்னும் திருந்தவில்லை.

வேலைக்கு வேலை பார்த்து முடிவு செய்யட்டும் என்பதே என் கட்சி. அதைவிட முக்கியம், ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு நிறப் பார்வை சோதனை செய்வது. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். எழுத்து அட்டையை வாசிக்கச் சொல்லிக் கண்ணாடி கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வது பாதி வேலை. வேலை வாசலுக்கு வந்தபிறகு, இருபது வயதில், புள்ளிப் புத்தகத்தைக் காட்டுவது என்ன நியாயம்?

பேரன் பேத்தி உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை இலைக்குப் பழுப்பு அடித்தால் திட்டாதீர்கள். கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நான் பிரம்பை எடுத்தேன். நீங்கள் எடுக்காதீர்கள்.