ஒரே லெப்டொப்பில் இரண்டு இயங்குதளங்கள்: எமது வர்த்தகர்கள் சிந்திப்பார்களா?

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக் கொண்டது. தனிப்பட்ட பாவனையாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை திருத்தங்களைப் பெறலாம் என்றும் அறிவித்தது. இந்தச் செய்தி எமது வர்த்தகர்களில் எத்தனை பேரின் காதுக்கு எட்டியது?

மன்னார் நகரக் கடைகளிலும், எருக்கலம்பிட்டி முதல் சிலாவத்துறை வரையான கருவாட்டு வாடிகளிலும் நான் காணும் லெப்டொப்புகள் பல, எட்டுப் பத்து வருடம் பழையவை. இவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சிப்பும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது மைக்ரோசொப்டின் நிபந்தனை. புதிதாக ஒன்று வாங்குவோம் என்றால், 2022 இல் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய டொலர் பழைய விலைக்குத் திரும்பவில்லை. சிறு வியாபாரி என்னதான் செய்வது?

எம்மவர்கள் கண்டுள்ள வழி, திருட்டுப் பிரதி. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கிறது. மீறினால் அபராதமும் சிறையும் உண்டு. தராசில் ஒரு கிராம் குறைவதற்கு அஞ்சும் வர்த்தகர், அடுத்தவர் உழைப்பைக் காசு கொடாமல் எடுத்துப் பாவிப்பதைச் சாதாரணமாக எண்ணுவது சரியா? அது ஒருபுறமிருக்க, பூட்டை உடைப்பதற்கென்று கிடைக்கும் அந்தச் சிறு மென்பொருட்களுடன் வைரஸும் சேர்ந்து வருகிறது. அதே கணனியில்தான் நாம் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்.

திருத்தம் போடாத கணனிக்கு என்ன நடக்கும் என்பதை 2017 மே மாதம் உலகமே கண்டது. வன்னாக்ரை என்ற வைரஸ் பல நாடுகளில் கணனிக் கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்டது. பிரித்தானிய அரச மருத்துவமனைகளும் தப்பவில்லை. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, அந்த வருட மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள்.

எனது கருத்து இதுதான். பழைய லெப்டொப்பை வீசவும் வேண்டாம், விண்டோஸை அழிக்கவும் வேண்டாம். அதன் பக்கத்திலேயே லினக்ஸை நிறுவுங்கள். கணனியைப் போட்டதும் எது வேண்டும் என்று திரையில் கேட்கும். கணக்கு மென்பொருளும், பழக்கப்பட்ட பில் பிரின்டரும் விண்டோஸில் இருக்கட்டும். ஆனால் அதில் இணையத் தொடர்பைத் துண்டித்து விடுங்கள். வங்கி, மின்னஞ்சல், வரிப் படிவம், வட்சப் எல்லாம் லினக்ஸில் நடக்கட்டும். 2024 இல் வெளியான லினக்ஸ் மின்ட் 22 இற்கு 2029 வரை இலவசமாகத் திருத்தங்கள் கிடைக்கும். 4 ஜிபி ரெம் உள்ள கணனியிலும் அது ஓடும். கடிதத்துக்கும் கணக்கு அட்டவணைக்கும் லிப்ரே ஒபிஸ் கூடவே வருகிறது.

"இலவசமாகக் கிடைப்பதில் தரம் இருக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2004 சுனாமியின் பின், காணாமல் போனோரையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய எமது நாட்டு வல்லுநர்கள் உருவாக்கிய சஹானா, இப்படிப்பட்ட திறந்த மூல மென்பொருள்தான். பின்னர் வெளிநாட்டு அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், 2011 இல் தொடங்கிய இலவச லெப்டொப் திட்டத்தில் மாணவர்களுக்கு விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பொஸ் லினக்ஸும் ஒரே கணனியில் வழங்கப்பட்டன. ஆனால் திரையில் இரண்டு பெயர் இருந்தால் மட்டும் போதாது. இரண்டாவதைத் திறந்து பழகக் கடையில் ஒருவராவது வேண்டும். படித்த பிள்ளைகள் இல்லாத வீடு எம்மிடையே உண்டா? அந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.

செய்யுமுன் கவனிக்க வேண்டியவை சில. முதலில் கணக்குகள் அனைத்தையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுங்கள். உப்புக் காற்று வீசும் எமது கரையில் எந்த வன்தட்டையும் நம்ப முடியாது. அது பழுதானால் இரண்டு இயங்குதளங்களும் சேர்ந்தே போகும். அடுத்து, லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று அதிலேயே தெரிந்துவிடும். பிறகு விண்டோஸுக்குள்ளிருந்தே வன்தட்டில் இடம் ஒதுக்குங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள். பிட்லொக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். நிறுவும்போது "வன்தட்டை அழி" என்பதைத் தெரிவு செய்தால் வருடக் கணக்கு அத்தனையும் போய்விடும். "விண்டோஸுடன் சேர்த்து நிறுவு" என்பதே எமக்குரியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணனியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் வாசிக்கின்றன. அதனால் லினக்ஸ் பாவித்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டலாம். விடியுமுன் மீன் ஏற்றும் வியாபாரியின் பில் முந்திய நாள் திகதியில் விழுந்தால் கணக்கு என்னாவது? உள்ளூர் நேரத்தையே பாவிக்குமாறு லினக்ஸை ஒரு தடவை அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

எல்லாக் கணனிக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளம் மட்டுமே ஓடும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்க, அணைத்துப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. பில் போடும் கணனியை அந்த வேலைக்கு மட்டுமே விட்டுவிடுங்கள். முதலாளியின் லெப்டொப்புக்கே இந்த ஏற்பாடு.

செலவு ஒரு பென் டிரைவும், பிரதி எடுக்க ஒரு வன்தட்டும், ஒரு பின்னேரமும்தான். கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கும் நாம், வங்கிக் கணக்கு இருக்கும் பெட்டியை மட்டும் திறந்து போட்டுவிட்டு உறங்கலாமா? அடுத்த விடுமுறை நாளிலாவது இதற்கு நேரம் ஒதுக்குவோம்.