சப்தம் விற்கும் வியாபாரம்

நமது நாட்டு நகரங்களில் போலீஸார் நடத்திவரும் ஒரு காட்சியைப் பத்திரிகைப் படங்களில் வாசகர்கள் பலமுறை பார்த்திருப்பார்கள். மோட்டார் சைக்கிள்களிலிருந்து கழற்றிய சைலன்ஸர்களைத் தெருவில் வரிசையாக அடுக்கி, அவற்றின்மீது ரோடு ரோலரை ஓட்டி நசுக்குகிறார்கள். அவற்றை விற்ற கடைகளோ வழக்கம்போல் திறந்தே இருக்கின்றன. அதிகாரிகளின் நோக்கத்தில் நமக்கு ஆட்சேபமில்லை. நோயின் மூலத்தை விட்டுவிட்டு நோயாளியை மட்டும் அடிப்பது என்ன வைத்தியம் என்பதே நமது கேள்வி.

இக்குழாய்களைப் பற்றிய கண்டனமெல்லாம் சப்தத்தோடு நின்றுவிடுகிறது. காதுக்கு எட்டாத வேறொரு கேடு யந்திரத்தினுள் நடக்கிறது. அதை வாங்குவோனுக்கு எவரும் சொல்வதில்லை.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிவதற்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று உட்புகும் வழி ஏர் பில்டர். எரிந்த புகை வெளியேறும் வழி சைலன்ஸர். இவ்விரண்டும் எவ்வளவு தடை செய்கின்றன என்பதை அளந்த பிறகே பெட்ரோலின் அளவைத் தொழிற்சாலையில் நிர்ணயிக்கிறார்கள். ஆகவே இம்மூன்றும் தம்முள் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை போன்றவை. இருவரை மாற்றிவிட்டு மூன்றாமவர் பழைய வாக்கைக் காப்பாற்ற வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

என்பீல்டு இந்தியா கம்பெனி 1955-இல் தோன்றிய காலந்தொட்டுச் சென்னைக்கு உரியதாகிவிட்ட புல்லட் வண்டியையே எடுத்துக்கொள்வோம். இந்தக் குழாய் வியாபாரத்துக்கு அதைவிடப் பெரிய சந்தை ஏது? பழைய புல்லட்டில் இருப்பது கார்புரேட்டர். அதன் கழுத்தில் காற்று விரையும்போது உண்டாகும் உறிஞ்சுதலே ஜெட்டின் வழியாகப் பெட்ரோலை மேலே இழுக்கிறது. பில்டரின் தடை குறைந்தால் அந்த உறிஞ்சுதலும் குறைகிறது. காற்று தாராளம், பெட்ரோல் தரித்திரம். மெக்கானிக்குகள் இதை ‘லீன்’ என்பார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்கட் நிறமாக இருக்கவேண்டிய முனை வெளுத்துக் கிடக்கும். கைதேர்ந்த மெக்கானிக் பெரிய ஜெட் ஒன்றைப் போட்டு இதைச் சரி செய்துவிடுவார். ஆனால் குழாயை விற்கும் எத்தனை கடைகளில் ஜெட்டைப் பற்றிய பேச்சு எழுகிறது?

2020-இல் 350 சி.சி. புல்லட் கார்புரேட்டரைக் கைவிட்டது. இப்போது ஒரு சிறு கணிப்பொறியே பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. “அது தானாகவே சரிசெய்துகொள்ளும்” என்கிறார்கள் கடைக்காரர்கள். இது பாதி உண்மை; ஆகையால் முழுப் பொய்யைவிட அபாயமானது. புகைக் குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்ஸரின் சொல்லைக் கணிப்பொறி கேட்பது, வண்டி நிதானமாகச் செல்லும்போது மட்டுமே. திருகியை முழுவதும் முறுக்கிய கணத்தில் அச்சொல்லை ஒதுக்கிவிட்டு, தொழிற்சாலையில் எழுதிவைத்த பட்டியலைப் பார்த்தே அது பெட்ரோலைத் தருகிறது. அந்தப் பட்டியலோ பழைய குழாய்க்கும் பழைய பில்டருக்கும் எழுதப்பட்டது. காற்றினால் குளிரும் யந்திரத்துக்குச் சுமையேறும் வேளையில் பெட்ரோல் சற்று மிகுந்திருப்பதே உஷ்ணத்தைத் தணிக்கும் மருந்து. அம்மருந்து குறையும்போது புகை வால்வும் பிஸ்டனும் வேகின்றன. இன்னொரு வேடிக்கை: புதுக் குழாயின் மூட்டு இறுகாமல், சென்ஸருக்கு முன்பாக வெளிக்காற்று கசிந்து புகுமானால், சென்ஸர் பெட்ரோல் குறைவென்று பொய்ச்சாட்சி சொல்லும், கணிப்பொறி அதை நம்பிப் பெட்ரோலை வாரி இறைக்கும்.

இவற்றோடு எத்தனாலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பெட்ரோலில் அதன் கலப்பு 2025-இல் 20 சதவிகிதத்தை எட்டியது. எத்தனால் எரிவதற்குச் சுமார் 9 பங்கு காற்றே போதும். எனவே இக்கலப்பெரிபொருளுக்கு வேண்டிய காற்று ஏறக்குறைய 13.5 பங்குதான். பழைய ஜெட்டுடன் ஓடும் கார்புரேட்டர் வண்டி, எந்தக் குழாயும் மாற்றாமலே ‘லீன்’ பக்கம் சாய்ந்துவிட்டது. அதன்மேல் திறந்த பில்டரையும் மாட்டுவது பட்டினி கிடப்பவனை உபவாசம் இருக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். நமது சாலைப் புழுதி அந்தப் பில்டரின் வழியே புகுந்து சிலிண்டரைத் தேய்ப்பது தனிக் கதை.

எல்லாக் குழாய்களும் தீமை என்பது நமது கட்சியன்று. புகையைச் சுத்திகரிக்கும் காடலிடிக் கன்வர்ட்டரை அப்படியே விட்டு, கடைசிப் பகுதியை மட்டும் மாற்றினால் கலவை அதிகம் பாதிக்கப்படுவதில்லை. அதையும் அறுத்தெறியும் குழாய்களே அதிகம் முழங்குகின்றன. ஆதலால் அதிகம் விலைபோகின்றன.

சட்டம் இல்லாமலில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, 2019-இல் திருத்தப்பட்டபடி, சப்தத்துக்கும் புகைக்கும் உரிய வரம்பை மீறி வண்டி ஓட்டுவோருக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. சாலையில் அகப்படுபவன் ஓட்டுகிறவனே. புகைச் சோதனை நிலையத்திலோ வண்டியை நிறுத்திவைத்து, யந்திரம் மெல்ல ஓடும் நிலையில் அளக்கிறார்கள். திருகியை முறுக்கும்போது நேரும் கோளாறு அந்த அளவில் அகப்படுவதேயில்லை.

சர்க்கார் செய்யவேண்டியது இரண்டு. எந்த வண்டிக்கு இக்குழாய் உரியது, கன்வர்ட்டர் இருக்கிறதா, எந்த ஜெட் அல்லது எந்தப் பட்டியல் மாற்றவேண்டும் என்பதைத் தமிழில் எழுதி ரசீதோடு கொடாத கடைக்காரருக்கு விற்கும் உரிமை இருக்கலாகாது. புகைச் சான்றிதழ் கொடுப்போர், கன்வர்ட்டர் தன் இடத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகே முத்திரையிட வேண்டும். அத்தகைய ரசீதுகள் புழக்கத்துக்கு வந்துவிட்டால், ரோடு ரோலரை எந்தத் தெருவுக்குக் கொண்டுபோவது என்று போலீஸார் தேடி அலைய நேராது.