துரைமாருக்குக் கிளப், எங்கள் பிள்ளைகளுக்குப் பூட்டு



1876ஆம் ஆண்டு வெள்ளைக்காரத் துரைமார் நுவரெலியாவில் தங்களுக்கென்று ஹில் கிளப்பைத் தொடங்கினார்கள். அது இன்றும் இயங்குகிறது. குளிரும் தனிமையும் நிறைந்த மலையில் வேலை செய்கிறவனுக்குப் பொழுது சாய்ந்தால் போய் உட்கார ஓர் இடம் வேண்டும், நாலு பேரோடு ஆடிப் பாட வேண்டும், இல்லாவிட்டால் மனம் கெட்டுப்போகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்களுடைய மலையில் கொழுந்தெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று நாம் கேட்டால் மட்டும், "ஆட்டம் பாட்டத்துக்கெல்லாம் காசு எங்கே?" என்கிறது நிர்வாகம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறேழு பேர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் இருக்கும் பிள்ளை அதற்குள்தான் இருக்கிறாள். கொழும்பில் கடை வேலையை விட்டு வந்து, "ஏன் வந்தாய்?" என்ற கேள்விக்குப் பயந்து பகலெல்லாம் போர்த்திப் படுத்திருக்கும் பையனும் அதற்குள்தான். அழுவதற்குக்கூட அங்கே தனியிடம் கிடையாது. வெளியே வந்தால் இஸ்தோப்பு, அப்புறம் ரோட்டு, ரோட்டு முனையில் சாராயக்கடை. பின்னேரத்தில் எமது இளைஞனை வா, உட்கார் என்று கூப்பிடுகிற ஒரே இடம் அதுதான். பிறகு, தோட்டத்துப் பொடியன்கள் கெட்டுப்போனார்கள் என்று நம்மைப் பார்த்தே சொல்கிறார்கள்!

சில தோட்டங்களில் மண்டபம் இல்லாமலில்லை. ஆனால் அதில் பசளை மூட்டை கிடக்கிறது. சாவி ஆபீசில் இருக்கிறது. கதவு திறக்க வேண்டுமானால் கடிதம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வருடத்துக்கொரு முறை வெளியிலிருந்து யாராவது வந்திறங்கினால் மட்டும் கூட்டிப் பெருக்குகிறார்கள். மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று இரண்டு மணித்தியாலம் பேச்சு, ஒரு பகல் சாப்பாட்டுப் பார்சல், ஒரு குழுப்படம், அவ்வளவுதான். மறுநாள் அந்தப் பிள்ளை யாரிடம் போவாள்?

நமது முன்னோர்களுக்கு இந்த விஷயம் பேச்சில்லாமலே தெரிந்திருந்தது. மாசியில் காமன் கம்பம் ஊன்றினால் தோட்டமே இரவில் கூடும். மதன் எரிவான், ரதி புலம்புவாள், பார்க்கிறவர்களும் தம் வீட்டுச் சாவையெல்லாம் நினைத்துக் கூடவே அழுவார்கள், பிறகு மதன் எழுவான். அதற்கு முன்னாலேயே பொடியன்கள் கூத்து வாத்தியாரிடம் அடவு பழகுவார்கள், தப்பு பழகுவார்கள். பத்துப் பேரோடு ஒரே தாளத்துக்குக் கால் வைக்கிற பையன் அந்த நேரத்திலாவது தனியாள் இல்லை. ஆனால் பழையதை அப்படியே தூக்கிவைக்கச் சொல்லவில்லை நாம். ரதி வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள், பெண்பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்தார்கள். தப்படித்தவனைச் சாதி சொல்லித் தள்ளிவைத்ததும் இதே தோட்டங்களில்தான். நாம் கேட்கிற மண்டபத்தில் அந்த இரண்டுக்கும் இடமில்லை.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கும் துரைமார் கவனிக்கட்டும்: 2019இல் உலக சுகாதார நிறுவனம் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மனநோயைத் தடுப்பதிலும் அதைத் தாங்கிக் குணமடைவதிலும் கலைகளுக்குப் பங்குண்டு என்று அறிக்கை வெளியிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? மட்டக்களப்பில், யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996ஆம் ஆண்டிலேயே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற இடத்தைத் திறந்தார்கள். யுத்தம் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள். யுத்தத்துக்கு நடுவில் கிழக்கில் முடிந்தது, இலாபம் பார்க்கிற தோட்டத்தில் முடியாதாம்.

"முதலில் சம்பளம், கூத்தெல்லாம் பிறகு" என்று நம் பெரியவர்கள் சிலரும் சொல்கிறார்கள். சம்பளத்தை விட்டுக்கொடுத்து மண்டபம் வாங்கச் சொல்லவில்லையே! 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதி. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரேதான். சங்க வேலைக்கு அது இடைஞ்சல் என்று அவர் நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். மண்டபம் டாக்டருக்குப் பதிலாகாது. உயிரை விட்டுவிடலாம் என்று பேசுகிற பிள்ளையைத் தப்படிக்க அனுப்பி வைத்துவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. கூடவே உட்கார வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் தமிழில் பேசக்கூடிய மனநல ஆலோசகர் வேண்டும் என்பதும் நமது கோரிக்கைதான். ஆனால் ஒரு பிள்ளை வாடுகிறதை யாராவது பார்த்தால்தானே டாக்டரிடம் போவது? தினமும் கூடுகிற இடத்தில்தான் நேற்று வந்தவன் இன்று வரவில்லை என்பது தெரியும்.

ஆகவே தோட்டத் தலைவர்மார் அடுத்த மாதக் கூட்டத்திலேயே இதை எழுத்தில் வையுங்கள். பசளை மூட்டை இஸ்டோருக்குப் போக வேண்டும். மின்சாரக் கட்டணம் நிர்வாகத்தின் பொறுப்பு. கூத்து வாத்தியாருக்கும், சித்திரமோ நாடகமோ பழக்க வருகிறவருக்கும் கைக்காசு கொடுக்க வேண்டும், இலவசமாக உழைக்கச் சொல்லக்கூடாது. பெண்பிள்ளைகள் வருகிற நாட்களில் இருட்டுவதற்கு முன் முடித்து, லயம் வரை துணை அனுப்ப வேண்டும். சாவி இரண்டு. ஒன்று இளைஞர்கள் தெரிவு செய்கிறவரிடம், மற்றது மாதர் சங்கத் தலைவியிடம். ஆபீசில் ஒன்றும் வேண்டாம்.