குழந்தைகளை உட்கார வைக்கும் நாகரிகம்

நம் நாட்டில் ஒருவன் 45 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தால், "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லி அழுதுவிட்டு, அடுத்த காரியமாய்க் கருமாதிக்கு நாள் பார்க்கப் போய்விடுகின்றோம். அவன் 8 வயதில் என்ன தின்றான், எவ்வளவு ஓடி விளையாடினான், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான் என்று ஒருவராவது விசாரிப்பதுண்டா? இல்லவே இல்லை. ஆனால் விசாரிக்க வேண்டியது அதுதான். மாரடைப்பு என்பது பெரும்பாலும் வானத்திலிருந்து திடீரென்று விழுகின்ற இடியல்ல. சிறு வயதில் விதைத்து நடு வயதில் அறுக்கப்படுகின்ற வெள்ளாமை என்பதே இன்று நாம் சொல்ல வந்த விஷயம்.

"இதற்கு என்ன ருஜு?" என்று கேட்பவர்கள் தாராளமாய்க் கேட்கட்டும். கொரியா யுத்தத்தில் மாண்ட 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இருதயங்களை அறுத்துப் பார்த்த டாக்டர்கள் தங்கள் முடிவை 1953-இல் வெளியிட்டார்கள். அச்சிப்பாய்களின் சராசரி வயது 22. திடகாத்திரர்கள் என்று பொறுக்கி எடுத்துப் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அப்படியிருந்தும் நான்கில் மூன்று பேருக்கு, இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாய்களில் நோயின் அடையாளம் காணப்பட்டது. பின்பு அமெரிக்காவில் போகலூசா என்னும் ஊரில் 1972-இல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சியில், விபத்து முதலியவைகளால் இறந்துபோன சிறுவர்களின் இரத்தக் குழாய்களிலேயே கொழுப்புக் கோடுகள் படிந்திருப்பது தெரியவந்தது. எடையும் இரத்த அழுத்தமும் இரத்தக் கொழுப்பும் எவ்வளவுக்கெவ்வளவு ஏறியிருந்தனவோ அவ்வளவுக்கவ்வளவு படிவும் அதிகமாயிருந்தது.

நிற்க, 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் என்னும் ஆராய்ச்சி, முதல் மாரடைப்பின் ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்பது காரணங்களைச் சேர்ந்தது என்று கணக்கிட்டது. புகை, இரத்த அழுத்தம், சர்க்கரை வியாதி, தொந்தி, உடலுழைப்பின்மை, காய்கனி தின்னாமை முதலியவைகளே அவை. அந்த ஆராய்ச்சியில் தென்னாசியாக்காரர்களுக்கு முதல் மாரடைப்பு வந்தது சுமார் 53 வயதில். மற்ற நாட்டார்களுக்குச் சுமார் 59 வயதில். நம்மவர்கள் தலையில் மட்டும் பிரமன் ஆறு வருஷத்தைக் குறைத்து எழுதிவிட்டானா? அல்லது நாம் தின்பதிலும் உட்காருவதிலும் ஏதாவது கோளாறு இருக்கின்றதா? எது புத்திசாலித்தனமான கேள்வி என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இருதயமும் உடம்பிலுள்ள ஒரு தசைதான். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை அது அடித்துக்கொள்கின்றது. ஓடி ஆடுகின்ற பிள்ளையின் இருதயம் பலப்பட்டு, ஒரே அடியில் அதிக இரத்தத்தைத் தள்ளுகின்றது. ஆகவே சும்மா இருக்கும்போது நிதானமாய் அடித்து வேலையை முடிக்கின்றது. இரத்தம் வேகமாய் ஓடும்போது குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்கின்ற பொருளை உண்டாக்கிக் குழாயை விரியச் செய்கின்றது. தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கின்றன. உட்கார்ந்தே இருப்பவனுக்கு இவற்றில் ஒன்றும் சரிவர நடப்பதில்லை.

லண்டன் நகரத்து இரட்டைமாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஜெர்ரி மாரிஸ் என்னும் டாக்டர் ஆராய்ந்து 1953-இல் எழுதினார். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்த கண்டக்டர்களுக்கு இருதய வியாதி குறைவாயிருந்தது. ஒரே பஸ், ஒரே ஊர், ஒரே கம்பெனி. ஆனால் ஒருவர் ஏறி இறங்கினார், மற்றவர் உட்கார்ந்திருந்தார். வித்தியாசம் ஜாதகத்தில் இல்லை, படிக்கட்டில் இருந்தது.

இப்போது நம் சேர்வராயன் மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு வருகின்றவர்களுக்கு இங்கே காட்டப்படும் இடங்கள் எவை? லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட்! சீமாட்டிகளுக்கு ஒரு இருக்கை, கனவான்களுக்கு ஒரு இருக்கை, குழந்தைகளுக்கும் ஒரு இருக்கை. சுமார் 5,000 அடி உயரத்தில், குளிர்ந்த காற்றில், ஏறவும் இறங்கவும் வேண்டிய அளவு இடமுள்ள மலையில், பிள்ளைகளுக்கென்று பெயர் வைத்த இடம் உட்காரும் இடம்! பெயர் வைத்தவர்கள் காட்சியை நினைத்து வைத்திருக்கலாம். ஆனால் இன்று நம் வீடுகளில் பிள்ளைகளை நடத்தும் லட்சணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பள்ளியில் உட்காரு, டியூஷனில் உட்காரு, வண்டியில் உட்காரு, வீட்டுக்கு வந்தால் செல்போனோடு உட்காரு என்பதுதானே நம் குழந்தை வளர்ப்பு?

இந்த மலையில் வாழும் மலையாளிகள் கேரள நாட்டார் அல்லர்; தமிழ் பேசுகின்ற பழங்குடி மக்கள். சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து உண்டு, காப்பித் தோட்டங்களில் உழைத்து, ஊருக்கு ஊர் கால்நடையாய் நடந்தவர்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சேர்வராயன் கோயிலுக்கு நடந்தே ஏறியவர்களுக்கு ஏதாவது பலன் கிடைத்திருக்குமானால், அது ஏறினதால் கிடைத்த பலனே ஒழிய, உள்ளே இருப்பதைக் கும்பிட்டதால் அல்ல. இப்போது கோயிலுக்குப் பக்கம் வரை வண்டி போகின்றபடியால் அந்தப் பலனும் போயிற்று.

இவ்வளவுக்கும் வேர் எங்கே இருக்கின்றது? உட்கார்ந்து தின்கின்றவன் மேலானவன், உழைத்துத் தின்கின்றவன் கீழானவன் என்று நமக்குப் பல நூற்றாண்டுகளாகப் புகட்டப்பட்ட வர்ணாசிரமப் புத்தியில் இருக்கின்றது. மனிதனுக்கு ஜாதி வைத்தவர்கள் தானியத்துக்கும் ஜாதி வைத்தார்கள். தீட்டிய வெள்ளை அரிசி உயர்ந்த ஜாதி; சாமையும் கேழ்வரகும் கீழ் ஜாதி. தவிடும் நாரும் போன அரிசி இரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரமாய் ஏற்றுகின்றது என்பதும், சாமையில் நார்ச்சத்து அதைவிட மிகுதி என்பதும் இன்று தெரிந்த சங்கதிகள். ஆனாலும் விருந்தாளி வந்தால் களி போட வெட்கப்படுகின்றோம். பிள்ளை நடந்து போனால் "ஏழை வீட்டுப் பிள்ளை" என்பார்களே என்று கூசுகின்றோம். ஐந்து ரூபாய் வறுவல் பொட்டலமும் கலர் சர்க்கரைத் தண்ணீரும் வாங்கிக் கொடுத்தால் மட்டும் நம் கௌரவம் உயர்ந்துவிடுகின்றதாம்! அந்தப் பொட்டலத்திலுள்ள உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றது. அந்தத் தண்ணீரிலுள்ள சர்க்கரை கொழுப்பாய் மாறுகின்றது. கௌரவம் கடைக்காரன் கல்லாவில்தான் சேருகின்றது.

செல்போன் விஷயமோ சொல்லத் தரமன்று. அது இருதயத்தில் நேராக விஷத்தைப் புகட்டுவதில்லை. விளையாட்டு நேரத்தைத் தின்கின்றது, தூக்கத்தைத் தின்கின்றது, பார்த்துக்கொண்டே சாப்பிடுகின்ற பிள்ளைக்கு வயிறு நிரம்பியது தெரியாமல் செய்கின்றது, தின்பண்ட விளம்பரத்தை ஓயாமல் காட்டுகின்றது. இந்த நான்கும் சேர்ந்துதான் கெடுதி. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணிக்கு மேல் கூடாது. 2020-இல் சொன்னது: 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாய் நாளுக்கு 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஆடவேண்டும். ஆனால் 2016-ஆம் வருஷத்து உலகக் கணக்கின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78. பெண் பிள்ளைகளில் 85.

பெண் பிள்ளைகளுக்கு ஏன் கூடுதல்? "பெரிய மனுஷி ஆகிவிட்டாள்" என்று பந்தல் போட்டு ஊருக்குச் சொல்லி, அன்றோடு அவள் ஓட்டத்தை நிறுத்துகின்ற நம் ஜனங்களுக்கா இது தெரியாது? பெண்ணுக்கும் இருதயம் ஒன்றுதான். மாரடைப்பு ஆண் பெண் பார்த்து வருவதில்லை.

இதைக் கேட்டவுடன் ஒரு கூட்டத்தார், "பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் எல்லாம் அறிந்தவர்கள்" என்று கிளம்பிவிடுவார்கள். அதுவும் பொய். 1947-இல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷமே. முன்னோர் சாமை தின்றது ஆராய்ச்சியால் அல்ல, விளைந்தது அது. மலைப் பிள்ளை பல மைல் நடந்து பள்ளிக்குப் போவதும் பெருமையல்ல. பஸ் இல்லாத குறை. பஸ்ஸும் வேண்டும், விளையாட மைதானமும் வேண்டும். வறுமையால் வந்த உழைப்பு வேறு, அறிவால் தேர்ந்துகொள்ளும் உழைப்பு வேறு.

வேறு சிலர் உடனே தாய்மார்களைத் திட்டப் புறப்படுவார்கள். காலை முதல் மாலை வரை தோட்டத்தில் காப்பிக்கொட்டை பறித்துவிட்டு வந்து, அடுப்பையும் மூட்டுகின்றவள், அழுகின்ற குழந்தையிடம் செல்போனைக் கொடுத்தால் அது அவள் குற்றமா? அந்த நேரத்தில் தகப்பன் எங்கே போனான்? பிள்ளையோடு ஓடவும், காய் நறுக்கவும் ஆண்பிள்ளைக்குக் கை கால் இல்லையா?

கன்னம் உப்பிய குழந்தையைப் பார்த்துப் பூரித்து, கண்ணேறு படாமலிருக்கக் கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, மறு கையில் மிட்டாயைக் கொடுக்கின்றோம். கெடுதி எதிர்வீட்டுக்காரியின் கண்ணில் இல்லை. நம் கையிலேயே இருக்கின்றது. பிறவியிலேயே இருதயக் கோளாறுள்ள குழந்தைகள் விஷயம் வேறு. அது எவர் பாவமும் அல்ல; கிரகண தோஷமும் அல்ல. மந்திரித்துத் தாயத்துக் கட்டி நாளைக் கடத்தாமல் உடனே டாக்டரிடம் கொண்டுபோனால், இன்று பல கோளாறுகளைச் சரி செய்துவிடலாம்.

செய்யவேண்டியது என்ன? பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மணியைக் கணக்குப் பாடத்துக்குப் பறித்துக்கொள்ளக்கூடாது. மலையில் சமதளம் கிடைப்பது அரிது. கிடைப்பதெல்லாம் விடுதி கட்டவும் கார் நிறுத்தவும் போனால், பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்று பஞ்சாயத்தைக் கேளுங்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று 2020-லேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனம் விதி செய்திருக்கின்றது. அந்த 50 மீட்டரை நீங்களே அடி போட்டு அளந்து பாருங்கள். 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில் சிறுதானியத்துக்கு இடமுண்டு. மலைச் சாமை மலைப் பிள்ளையின் தட்டில் ஏறட்டும். விளைவித்தவனுக்கும் விலை கிடைக்கட்டும். வீட்டிலோ, சாப்பிடும்போதும் படுக்கையிலும் செல்போன் வேண்டாம். பெரியவர்கள் முதலில் கீழே வைத்தால் பிள்ளைகளும் வைப்பார்கள்.

ஆகவே தோழர்களே, பிள்ளையின் ஆயுள் ரேகையை ஜோசியனிடம் காட்டக் காசு செலவழிப்பதை விட்டு, அந்தக் காசுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்து விடுங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஓடட்டும். கைரேகையில் இல்லாத ஆயுள் அவர்கள் காலில் இருக்கின்றது.