வைத்திருப்பதும் விதிமீறலே

“நான் போட்டுக்கொள்ளவில்லை, பையில்தான் இருந்தது” என்னும் விளக்கம் விளையாட்டு வீரரைக் காக்காது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, அனபாலிக் ஸ்டீராய்டைத் தக்க காரணமின்றி வைத்திருப்பதே விதிமீறலாகும். 4 ஆண்டுகள் போட்டித் தடை விதிக்கப்படலாம். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இதற்குச் சட்ட வலிமை அளித்துள்ளது. வீரருக்காக வாங்கி வைத்திருக்கும் பயிற்சியாளரும் பெற்றோரும்கூட இவ்விதிக்கு உட்பட்டவர்களே.

நோயின் பொருட்டு டெஸ்டோஸ்டிரோன் தேவைப்படும் வீரர், மருந்துச் சீட்டோடு நின்றுவிடாமல், தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் சிகிச்சைக்கான விலக்குக் கோருதல் வேண்டும்.

ஆகவே, “நான் போட்டிகளில் பங்கேற்கிறேன்” என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். அதைக் கேட்டறியாமல் மருந்து எழுதுவது எங்கள் பிழை என்பதே என் கருத்து.